ஹ்வாங்கே குட்டைக்கரையில் 24 மணி நேரம்: விலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு

ஆப்பிரிக்கக் காட்டில் தன்னார்வப் பணி என்றதும் பலருக்கு மனத்தில் வருவது யானைக்குட்டிக்குப் பால் புகட்டும் படம்தான். ஹ்வாங்கேயில் உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பென்சில், கணக்கெடுப்புத் தாள், எதிரே ஒரு சேற்றுக் குட்டை. அதன் கரையில் நண்பகல் 12 மணியிலிருந்து மறுநாள் நண்பகல் 12 மணிவரை, தண்ணீர் குடிக்க வரும் ஒவ்வொரு பாலூட்டியையும் எண்ணி எழுத வேண்டும். கேட்க எளிது. அந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தப்புப் போகக்கூடிய இடங்கள் நிறைய உண்டு.

ஹ்வாங்கே தேசியப் பூங்கா ஜிம்பாப்வேயின் மேற்கு ஓரத்தில், போட்ஸ்வானா எல்லையை ஒட்டி இருக்கிறது. பரப்பு சுமார் 14,650 சதுர கிலோமீட்டர். நீலகிரி மாவட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பெரும்பகுதி கலஹாரி மணல். பெய்த மழை மணலில் இறங்கிவிடும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு உள்ளே இல்லை. 1928-ல் இது காப்பகமானபோது முதல் வார்டனாக வந்த டெட் டேவிசன், ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இயற்கைக் குட்டைகளுக்குத் தண்ணீர் இறைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். டீசல் பம்புகள் இருந்த பல இடங்களில் இப்போது சூரிய மின்பம்புகள் ஓடுகின்றன. வறட்சியின் கடைசி மாதங்களில் இங்குள்ள பல்லாயிரம் யானைகளின் உயிர் இந்த இறைத்த தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. 2019 வறட்சியில் 200-க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. 2023-லும் குறைந்தது 100.

எல்லா விலங்கும் குட்டைக்கு வந்தே தீரவேண்டிய அந்தப் பருவத்தைத்தான் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். 'வைல்ட்லைஃப் அண்ட் என்விரான்மென்ட் ஜிம்பாப்வே' என்ற தன்னார்வ அமைப்பு, சுருக்கமாக 'வெஸ்', பூங்கா நிர்வாகமான ஜிம்பார்க்ஸுடன் சேர்ந்து 1970-களிலிருந்து இதை நடத்திவருகிறது. செப்டம்பர் அல்லது அக்டோபர் பௌர்ணமியை ஒட்டி நாள் குறிப்பார்கள். மழை இன்னும் வந்திருக்காது, இரவில் நிலா வெளிச்சம் இருக்கும். 2026-ல் செப்டம்பர் 26, அக்டோபர் 26 ஆகியவை பௌர்ணமிகள். புரட்டாசியா ஐப்பசியா என்பது அமைப்பாளர் அறிவிப்பதைப் பொறுத்தது.

முதல் வேலை: இடம் பிடிப்பது

விமானச் சீட்டுக்கு முன் குழுவில் இடம் வேண்டும். ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு குழுவை அமைப்பாளர்கள்தான் ஒதுக்குவார்கள். நினைத்த இடத்தில் போய் உட்கார முடியாது. பெரும்பாலான குழுக்கள் உள்ளூர்க்காரர்களுடையவை. நாலு சக்கரமும் இழுக்கும் சொந்த ஃபோர்-வீல் டிரைவ் வண்டி, கூடாரம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக வருபவருக்கு நல்ல வழி, வண்டியில் இடமுள்ள ஒரு குழுவோடு சேர்த்துவிடும்படி ஐந்தாறு மாதத்துக்கு முன்பே எழுதிக் கேட்பது. செலவில் உங்கள் பங்கு என்ன, பூங்காக் கட்டணம் யார் கட்டுவது (வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டணத்தைவிட மிக அதிகம்), சுற்றுலா விசா போதுமா அல்லது தன்னார்வப் பணிக்குத் தனி அனுமதி வேண்டுமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விசா பற்றி வாய்வார்த்தையை நம்பி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது வேண்டாத வம்பு.

விக்டோரியா அருவி வட்டாரத்தில் 'வனவிலங்குப் பாதுகாப்பு' என்ற பெயரில் வேறு பல திட்டங்களும் விற்கப்படுகின்றன. சிங்கக்குட்டியைத் தூக்கிக் கொஞ்ச விடும் இடம் எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள். மனிதன் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. கொஞ்சுவதற்குக் குட்டி வேண்டுமானால் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

ஊரில் முடிக்க வேண்டியவை

மஞ்சள் காய்ச்சல் ஊசியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஜிம்பாப்வே மஞ்சள் காய்ச்சல் நாடு இல்லை. ஆனால் நீங்கள் மாறி ஏறும் அடிஸ் அபாபாவும் நைரோபியும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் இருக்கின்றன. இணைப்பு விமானம் தாமதமாகி ஓர் இரவு அங்கே ஓட்டலில் தங்க நேர்ந்தால், போகும்போது ஜிம்பாப்வேயும் திரும்பும்போது இந்தியாவும் ஊசி போட்டதற்கான அட்டையைக் கேட்கும். இல்லையென்றால் இந்தியாவில் உங்களை 6 நாள்வரை தனிமைப்படுத்த சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் ஊசி போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும், முன்பதிவோடு. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும்; அதன்பின் ஆயுள்முழுக்கச் செல்லும். ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

மலேரியாவுக்கு மருத்துவரைப் பாருங்கள். வழக்கமாக எழுதித்தருவது இரண்டில் ஒன்று. அட்டோவாகோன்-புரோகுவானில், போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கித் திரும்பியபின் 7 நாள். டாக்சிசைக்ளின், அதேபோல் தொடங்கித் திரும்பியபின் 28 நாள். டாக்சிசைக்ளின் விலை குறைவு, ஆனால் வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும் சுபாவம் கொண்டது. குட்டைக்கரையில் நாள் முழுக்க உட்காரப் போகிறவர் இதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

செயற்கைக்கோள் தகவல் கருவியைச் சென்னையிலிருந்து வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். குட்டைகளில் கைப்பேசி சிக்னல் இருக்காது, கருவி குழுவுக்கு ஒன்று வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம்; விமான நிலைய ஸ்கேனரில் சிக்கிப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். அதைக் குழுவின் உள்ளூர் உறுப்பினரிடம் விட்டுவிடுங்கள்.

பணம் அமெரிக்க டாலரில், ரொக்கமாக, 1, 5, 10 டாலர் தாள்களாக. உள்ளூர் நாணயமான ஜிக் 2024-ல் வந்தது. அன்றாடப் புழக்கத்தில் டாலர்தான் ஓடுகிறது. ஐம்பது டாலர் தாளுக்குச் சில்லறை கிடைக்காமல் அரை நாள் போகும்.

எண்ணிப் பழகுவதையும் ஊரிலேயே தொடங்கிவிடலாம். கிடை ஆடு மேயப் போகும் பாதையில் நின்று, மந்தையைப் பார்த்த உடனே ஒரு மதிப்பைச் சொல்லுங்கள். பிறகு ஒரு சந்தில் நுழையும்போது ஒன்றொன்றாக எண்ணுங்கள். புதியவர் அநேகமாகக் குறைத்துத்தான் சொல்வார்; கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் குறைவும் பெரிதாகும். பத்துப் பதினைந்து முறை செய்தால் கண் திருந்தும். தமிழ்நாட்டு வனத்துறையின் ஒருங்கிணைந்த யானைக் கணக்கெடுப்பிலும் ஒரு நாள் நீர்நிலைகளில் அமர்ந்து நேரடியாக எண்ணும் முறை இருக்கிறது. அதில் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஹ்வாங்கேக்கு அதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

பெட்டியில் என்ன

தொலைநோக்கியில் கஞ்சத்தனம் வேண்டாம். பகலுக்கு 8×42 போதும். நிலா வெளிச்சத்துக்கு 7×50 மேல். 50-ஐ 7-ஆல் வகுத்தால் 7 மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வருகிறது. 8×42-ல் 5 சொச்சம்தான். பெருக்கம் அதிகம் என்று 12×25 வாங்கிவந்தவருக்கு ஏழு மணிக்குமேல் இருட்டுதான் தெரியும்.

சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு ஒன்று, உதிரி பேட்டரியோடு. வெள்ளை ஒளியைக் குட்டைப் பக்கம் அடிக்கக் கூடாது. விலங்கும் மிரளும், உங்கள் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கையில் அழுத்தி எண்ணும் கவுன்டர் இரண்டு. பேனா வேண்டாம், பென்சில். வியர்வையில் மை கரையும். தாளைப் பிடித்துவைக்க அட்டையும் கிளிப்பும்.

உடை: மங்கிய பழுப்பு, காக்கி, சாம்பல். ராணுவப் புள்ளியிட்ட துணி ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் உடுத்தச் சட்டப்படி தடை. தொப்பி, பை எதிலும் அந்த அச்சு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் பகல் 35 டிகிரியைத் தாண்டி 40-ஐத் தொடும். மணல் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலை நாலு மணிக்கு ஸ்வெட்டர் தேடுவீர்கள். கணுக்கால் மூடிய காலணி கட்டாயம்.

முகத்துக்கு மெல்லிய வலை ஒன்று. மோப்பேன் ஈ என்று அங்கே சொல்வது உண்மையில் ஈ அல்ல, கொட்டாத தேனீ. நம்மூர்க் கொசுத்தேனீயின் உறவு. கடிக்காது, கொட்டாது. கண்ணின் ஈரத்தையும் வியர்வையையும் தேடி டஜன் கணக்கில் மொய்க்கும். நண்பகல் ஒரு மணிக்கு யானைக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது இமைக்குள் இரண்டு புகுந்தால் எண்ணிக்கை கோவிந்தா.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் 5 லிட்டர். ஒரு நாள் கணக்கெடுப்புக்கு 10 லிட்டராவது வண்டியில் இருக்கட்டும். மணலில் வண்டி சிக்கினால் அந்த மிச்சம்தான் காப்பாற்றும். சாப்பாடு சமைக்காமல் உண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். முகாமிலேயே கிளறிக் கட்டிய புளியோதரை அந்த வறண்ட வெயிலுக்கு அடுத்த நாள் காலைவரை தாங்கும், தயிர்சாதம் தாங்காது. ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை எதையும் கொண்டுபோகாதீர்கள். அந்த வாசனைக்கு யானை வண்டிக் கதவையே பிரித்துவிடும். ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ் பூங்காவில் இந்தப் பழங்களுக்குத் தடையே உண்டு.

போய்ச் சேர்வது

விக்டோரியா அருவி விமான நிலையத்தில் இறங்கினால் பூங்காவின் தலைமை முகாமான ஹ்வாங்கே மெயின் கேம்ப் இரண்டரை மணி நேரப் பாதை. நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஹ்வாங்கே நகரின் நிலக்கரிச் சுரங்க லாரிகளால் சாலை குழிகுழியாக இருக்கலாம். இரவில் ஓட்டாதீர்கள், மாடு, கழுதை, யானை மூன்றும் விளக்கில்லாமல் சாலையில் நிற்கும். நுழைவாயில் மாலை ஆறு மணிக்கு மூடப்படும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கணக்கெடுப்புக்கு முந்தைய நாள் விளக்கக் கூட்டம் இருக்கும். குட்டை ஒதுக்கீடு, தாள், வரைபடம், எந்த ரேஞ்சரை எப்படித் தொடர்புகொள்வது எல்லாம் அதில்தான். அங்கே கட்டாயம் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி ஒன்று: குடித்துவிட்டுப் போன விலங்கு திரும்பி வந்தால் எப்படி எழுதுவது? ஒரு குழு ஒருவிதமாகவும் அடுத்த குழு வேறுவிதமாகவும் எழுதினால் இரண்டையும் கூட்ட முடியாது.

பூங்காவுக்குள் மணல் பாதை தொடங்கும் இடத்தில் டயர் காற்றைக் குறையுங்கள். தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் 24-க்கு, மணல் ஆழமென்றால் 18 வரை. டயர் தட்டையாகி அகலமாக மிதித்தால்தான் மணலில் மிதக்கும். திரும்பத் தார்ச்சாலை ஏறும்முன் காற்றடிக்கச் சிறு கம்ப்ரஸர் வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கிழியும். வண்டி சிக்கிவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதையும். உடனே நிறுத்தி, நாலா பக்கமும் பார்த்துவிட்டு இறங்கி, டயரைச் சுற்றியுள்ள மணலை வாரி அப்புறப்படுத்தி, காற்றை இன்னும் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள்.

பாதை நடுவே காய்ந்த புல் உயரமாக நிற்கும். அது வண்டிக்கு அடியில், சைலன்சர் குழாய்மேல் சேர்ந்து தீப்பற்றும். எரிந்துபோன வண்டிகளில் பல இப்படிப் போனவைதான். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திக் குனிந்து பார்த்துப் புல்லைக் கம்பியால் இழுத்துவிடுங்கள். ரேடியேட்டர் முன் புல்விதை அடைத்து என்ஜின் சூடேறுவதும் உண்டு. முன்னால் ஒரு வலைத்துணி கட்டினால் போதும்.

எங்கே நிறுத்துவது

குட்டைக்குக் காலை 10 மணிக்குள் போய்விட வேண்டும். 12 மணிக்குள் உங்கள் வரவு மறந்து குட்டை அமைதியாகியிருக்கும். நியாமண்ட்லோவு போன்ற இடங்களில் பார்வை மேடையும் மசூமா அணையில் மறைவிடமும் உண்டு. மற்றவற்றில் வண்டிதான் மேடை. அமைப்பாளர் குறித்துத் தந்த இடம் இருந்தால் அதுவே முடிவு; ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்திலிருந்து பார்ப்பதற்காகவே அதைக் குறித்திருப்பார்கள்.

இடம் நீங்கள் தேர்வதானால் வடமேற்கு மூலை, அதாவது நம்மூர் வாஸ்துக்காரர் சொல்லும் வாயு மூலை, பல வகையில் ஒத்துவரும். வறட்சிக் காலத்தில் அநேகமாகக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வீசும். உங்கள் வாசனை குட்டைப் பக்கம் போகாது. தென் அரைக்கோளம் என்பதால் செப்டம்பரில் உச்சிச் சூரியனும் நடுநிசி நிலாவும் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கமிருந்து விழும். மாலை வெயிலும் கண்ணில் அடிக்காது.

தண்ணீரிலிருந்து 50 முதல் 80 மீட்டர் தள்ளி, வண்டியின் முகம் வெளியேறும் பாதையைப் பார்த்து இருக்கட்டும். மரநிழல் ஆசையில் இரண்டு தப்பு நடக்கும். ஒன்று, குட்டையை நோக்கி வரும் யானைத்தடத்தின்மேல் நிறுத்துவது. தரையில் வழவழவென்று தேய்ந்து, அரை மீட்டர் அகலத்தில் நேராகப் போகும் பாதை அது. பகலில் பார்த்து ஒதுங்கவில்லையென்றால் இரவில் நாற்பது யானைகள் உங்கள் வண்டியைச் சுற்றிப் போக வேண்டிவரும். இரண்டு, கலஹாரி முள்வேல மரத்தடியில் நிறுத்துவது. காது வடிவச் சாம்பல்நிற நெற்றுகள் கீழே கிடந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். ஆண் யானை அந்த நெற்றுக்காக நெற்றியால் மரத்தை முட்டி உலுக்கும், கீழே வண்டி இருக்கிறதா என்று பார்க்காது.

எண்ணும் முறை

நாலு பேர் குழுவானால் எப்போதும் இருவர் விழித்திருக்க வேண்டும். ஒருவர் தொலைநோக்கியை விட்டுக் கண்ணெடுக்காமல் வாயால் சொல்வார், மற்றவர் எழுதுவார். மூன்று மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடரக் கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் மாறுவது பெருந்தப்பு, "அந்த மூலையில் நிற்கும் கூட்டம் எண்ணியாயிற்றா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளிருக்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருவராக மாறினால், பழைய ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார்.

சரியாக 12:00-க்குக் குட்டையில் நிற்பவற்றை எண்ணி முதல் வரியில் எழுதுங்கள். அதற்குப் பிறகு வருபவற்றை மட்டும், வரும்போதே எண்ண வேண்டும். மரவரிசையிலிருந்து வெளிப்பட்டு வெட்டவெளியில் நடந்துவரும் அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் யானைக் கூட்டம் வரிசையாக இருக்கும். தண்ணீரில் இறங்கியபின் ஏற்கெனவே நிற்கும் கூட்டத்தோடு கலந்துவிடும். குட்டிகள் பெரியவற்றின் காலுக்கிடையே மறையும். மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதுவரை பெரிய குட்டையில் நாலு திசையிலிருந்தும் கூட்டம் வரும். அப்போது தூங்குபவரை எழுப்பி, ஆளுக்கு ஒரு திசை பிரித்துக்கொள்ளுங்கள்.

தாள் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

17:52, யானை, 23, பெண் கூட்டம், ஒரு வயதுக்குட்பட்டவை 3, கிழக்கிலிருந்து
18:05, யானை, 2, ஆண், தெற்கிலிருந்து
18:40, எருமை, 180 (மதிப்பீடு), தூசி, ஆண்-பெண் பிரிக்கவில்லை
19:00–20:00, புதிய வரவு இல்லை

கடைசி வரியைப் பாருங்கள். வெறும் மணி நேரத்தையும் எழுத வேண்டும். காலியாக விட்டால், எதுவும் வரவில்லையா, எழுதுபவர் தூங்கிவிட்டாரா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

வயதும் பாலும் யானையில் ஓரளவு எளிது. பக்கவாட்டில் பார்த்தால் பெண்ணின் நெற்றி கோணமாக மடிந்திருக்கும், ஆணின் நெற்றி உருண்டையாக வளையும். தாயின் வயிற்றுக்கு அடியில் தலை இடிக்காமல் புகும் குட்டி ஒரு வயதுக்குட்பட்டது. இங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு. தந்தத்தை வைத்து ஆண் என்று எழுதுவது, ஆசிய யானையைப் பார்த்துப் பழகிய நாம் தவறாமல் செய்யும் பிழை.

கொம்பிலும் இதே வில்லங்கம். இம்பாலா, கூடு மான் (பறவைக் கூடு இல்லை, முறுக்குக் கொம்பு மான்), வாட்டர்பக் ஆகியவற்றில் ஆணுக்கு மட்டும் கொம்பு. சேபிள், ரோன், ஈலண்ட், வில்டபீஸ்ட் என்ற மான் வகைகள், எருமை ஆகியவற்றில் இரு பாலுக்கும் உண்டு. முதிர்ந்த ஆண் எருமைக்கு இரு கொம்பின் அடியும் நெற்றியில் ஒட்டித் தலைக்கவசம் போலிருக்கும். ஒட்டகச்சிவிங்கியில் கொம்பின் உச்சி வழுக்கையானால் ஆண், கறுப்பு மயிர்க்குச்சம் இருந்தால் பெண். வரிக்குதிரையிலும் புள்ளிக் கழுதைப்புலியிலும் பால் பிரிக்க முயலவே வேண்டாம். நரி இரண்டு வகை: முதுகில் கறுப்புப் போர்வை போட்டது ஒன்று, வால்நுனி வெள்ளையானால் பக்கக்கோட்டு நரி.

எருமை மந்தை தூசியோடு மொத்தமாக வந்து இறங்கும். முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, மந்தை முழுக்க அதை நகர்த்துங்கள். வெளிச்சம் இருந்தால் இரண்டு மூன்று படமெடுத்துப் பின்னர் சரிபாருங்கள். இருவர் தனித்தனியே மதிப்பிட்டு இரண்டையும் எழுதுவது மேல். பேசி ஒத்துக்கொண்ட ஒரே எண்ணில் சத்தமாகப் பேசுபவரின் தவறுதான் மிஞ்சும்.

வரிக்குதிரை போக்குக் காட்டும். தண்ணீர்வரை வரும், மிரண்டு மரத்துக்குள் ஓடும், பத்து நிமிடத்தில் திரும்பும். குடிக்காமல் ஓடியதை வரவாக எழுதாமல் காத்திருங்கள். ஒட்டகச்சிவிங்கி முன்காலை அகட்டிக் குனிய ஒரு மணி நேரம்கூட யோசிக்கும். அதற்காக மற்றப் பக்கத்தைக் கோட்டைவிடாதீர்கள்.

நள்ளிரவுக்கு மேல் மேகம் நிலாவை மறைத்தால் காதுதான் மிச்சம். உறிஞ்சும் சத்தம், தண்ணீர் சளசளப்பு, வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற உறுமல் கேட்கும். எண்ணிக்கை சொல்ல முடியாதென்றால் 'யானை, கேட்டது, எண்ணவில்லை' என்று எழுதுங்கள். ஒரு பத்து இருக்கும் என்று போடாதீர்கள். இரவு இரண்டிலிருந்து ஐந்துவரை இந்தச் சபலம் வலுவாக இருக்கும். அப்போது குழுவிலேயே நிதானமானவரை உட்கார வையுங்கள்.

உயிரோடு திரும்ப

யானை வண்டியை நெருங்கினால் பேச்சை நிறுத்துங்கள், அசையாதீர்கள், என்ஜினைத் தொடாதீர்கள். அருகில் வந்தபின் என்ஜின் உறுமினால் மோதல் நடக்கலாம். காதை விரித்துத் தலையை உயர்த்தி ஓடிவருவது பெரும்பாலும் மிரட்டல். காதை ஒட்டவைத்துத் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வருவது நிஜம். அதற்காகத்தான் வண்டியின் முகத்தை வெளிப்பாதைக்குத் திருப்பி வைத்தோம்.

கழிவறை விஷயத்தை எழுதக் கூச்சப்படுபவர்கள் உண்டு, ஆனால் ஆபத்து அங்கேதான். பகலில் வண்டியின் மறுபக்கம், கைக்கு எட்டும் தூரத்தில், ஒருவர் காவலுக்கு நிற்க. இரவில் இறங்கவே கூடாது. மூடியுள்ள வாளி, மரத்தூள், ஒரு மறைப்புத் துணி. பெண்கள் இருக்கும் குழு இதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். கூச்சத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுவது நடக்கிறது.

தூங்குவது வண்டிக்குள், அல்லது கூரைக் கூடாரத்தில். காலணி, குளிர்பெட்டி, சாப்பாடு எதையும் வெளியே விடாதீர்கள். கழுதைப்புலி செருப்பையும் தின்னும், தேன்வளைக்கரடி பெட்டியைத் திறக்கும். காலையில் காலணியை உதறிப் போடுங்கள். தேளில் ஒரு கணக்கு உண்டு: முன்னாலுள்ள இடுக்கிகள் மெலிந்து வால் தடித்திருந்தால் விஷம் கடுமையானது.

கழுகுகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தாலோ, காயமில்லாத யானைப் பிணம் தெரிந்தாலோ கிட்டே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள். 2013-ல் வேட்டைக்காரர்கள் உப்புநக்குமிடங்களிலும் தண்ணீரிலும் சயனைடு வைத்து இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார்கள். பிணத்தைத் தின்றவையும் செத்தன. இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து ரேஞ்சரிடம் சொல்லுங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் நேரம், திசை, எத்தனை வெடி என்பதை எழுதித் தகவல் தருவதோடு உங்கள் வேலை முடிந்தது. காண்டாமிருகம் கண்ணில் பட்டால் படத்தை எங்கும் பகிராதீர்கள். படத்துக்குள் பதியும் இருப்பிடக் குறிப்பை முன்பே அணைத்து வையுங்கள்.

முடிக்கும்போது

மறுநாள் 12:00 ஆனதும் நிறுத்துங்கள். 12:04-க்கு முப்பது சேபிள் வந்தாலும் சேர்க்கக் கூடாது. மனசு கேட்காதுதான், தாளின் பின்புறம் குறிப்பாக எழுதிக்கொள்ளலாம். கூட்டி முடித்து, சந்தேகமான வரிகளை அழிக்காமல் கேள்விக்குறி போட்டுவிட்டு, வானிலை, காற்று, மேகம் மறைத்த நேரம், பம்பு ஓடியதா, குட்டையில் தண்ணீர் எவ்வளவு என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இந்த எண் பூங்காவின் மொத்த விலங்குத்தொகை அல்ல. யானைகூட எல்லா நாளும் குடிக்க வராது. ஸ்டீன்பக் போன்ற சிறுமான்கள் இலை ஈரத்திலேயே நாளைக் கடத்தும். கணக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன் ஒரு கோடைமழை பெய்தால் காட்டுக்குள் பள்ளமெல்லாம் தண்ணீர் நிற்கும், உங்கள் குட்டைக்கு யாரும் வரமாட்டார்கள். அந்த ஆண்டுச் சரிவு விலங்கு குறைந்ததாலா, மழையாலா என்று பிரித்துச் சொல்ல உங்கள் வானிலைக் குறிப்புதான் துணை.

ஊர் திரும்பியபின் மலேரியா மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். அடுத்த சில மாதங்களில் எப்போது காய்ச்சல் வந்தாலும் ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இங்கே காய்ச்சல் என்றால் முதலில் டெங்குப் பரிசோதனைதான் எழுதுவார்கள். அதோடு மலேரியாவுக்கும் அன்றே ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.